அடைப்புக்குறிக்குள் ஓர் ஏரி

(பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஏரிக்கு வாயில்லை. தன் கரையில் நூறு மாளிகைகள் எழுந்தாலும், தன் மடியில் ஆயிரம் ஊர்திகளின் புழுதி வந்து படிந்தாலும், அது முறையிடாது. மன்றம் ஏறி வழக்குரைக்காது. தேர்தலில் ஒப்போலை இடாது. கலங்கிப் போதல் ஒன்றே அதன் மொழி. அம்மொழியை மாந்தர் அறிந்துகொள்வதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஆகலின், கட்டடம் எழும்பு முன்பே ஏரியின் சார்பில் எவரேனும் பேசியாக வேண்டும். எதைக் கட்டப் போகின்றீர்? அதனால் நீருக்கு என்ன நேரும்? மரத்துக்கு என்ன நேரும்? அங்கு வாழ்வார்க்கு என்ன நேரும்? கேடு குறைந்த வேறு வழி உண்டா? இவ்வினாக்களை எழுப்பி, விடையை எழுத்தில் வாங்கியாக வேண்டும். அவ்வாறு வாங்கும் முறைக்கே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர்.

இம்முறை சட்டநூலில் எழுதப்பட்டிருத்தல் வேறு. மக்கள் விழித்திருந்து அதற்கு உயிரூட்டுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் கண்ணாடிபோற் காட்டுவது அமெரிக்க நாட்டிலுள்ள தாகோ ஏரியின் வரலாறு. படகு விடவும், நீராடவும், பனியிற் சறுக்கி விளையாடவும் ஆண்டுதோறும் பெருந்திரளாக மக்கள் வந்து குவியும் இடம் அது. பாசனத்திற்கன்றிக் களிப்பிற்காகவே மக்கள் நாடும் ஏரி. அத்தகைய ஏரியைக் காப்பதற்கு அந்நாட்டு மக்கள் எழுபது ஆண்டுகளாக எவ்வாறு போராடி வருகின்றனர் என்பது, மலைமேல் ஏரி வைத்திருக்கும் எந்நாட்டாரும் அறிந்துகொள்ளத் தக்கது.

பெயரும் நிலமும்

கலிபோர்னியா, நெவாடா என்னும் இரு மாநிலங்களின் எல்லைமேல், கடல்மட்டத்திற்கு 6,200 அடிக்கும் மேலான உயரத்தில், மலைகள் சூழ அவ்வேரி கிடக்கிறது. நீளம் 22 கல். அகலம் 12 கல். பேராழம் 1,645 அடி. அறுபத்து மூன்று ஓடைகளும் ஆறுகளும் அதனுள் வந்து விழுகின்றன. நீர் வெளியேறும் வழியோ ஒன்றே ஒன்று. அது திரக்கி ஆறு. அவ்வாறும் கடலைச் சேர்வதில்லை; நெவாடாவின் பாலைநிலத்திலுள்ள பிரமிடு ஏரியிற் சென்று முடிகிறது. இத்துணைப் பெரிய கலத்திற்கு இத்துணைச் சிறிய வாய் இருத்தலால், உட்புகுந்த நீர் முற்றும் மாறுதற்குச் சற்றொப்ப 650 ஆண்டுகள் ஆகும் என்பது அறிவியலாளர் கணக்கு. இன்று ஒருவன் கலக்கும் அழுக்கு, அவனுக்குப் பின் இருபது தலைமுறை கழிந்தும் அங்கேயே நிற்கும் என்பது இதன் பொருள்.

அவ்வேரியைச் சுற்றிப் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தோர் வாசோ என்னும் தொல்குடி மக்கள். அவர்கள் மொழியில் ஏரியைக் குறிக்கத் 'தாவ்' என்பது போன்ற ஒலியுடைய சொல் ஒன்று உண்டு. வந்தேறிய வெள்ளையர் நாவில் அச்சொல் திரிந்து 'தாகோ' ஆயிற்று. அதனோடு தம் மொழியிலுள்ள ஏரி என்னும் சொல்லையும் அவர்கள் சேர்த்துக்கொண்டமையால், இன்று அதன் பெயர் 'ஏரி ஏரி' என்றே பொருள்படுகிறது. அத்திரிந்த பெயரும் எளிதில் நிலைபெறவில்லை. கலிபோர்னியாவின் ஆளுநராய் இருந்த பிக்லர் என்பாரின் பெயரை ஏரிக்கு இட்டு 1870-இல் சட்டமே இயற்றினர். அது நீங்கித் தாகோ என்னும் பெயர் சட்டப்படி நிலைத்தது 1945-இல்தான்.

பெயர் போன வழியே நிலமும் போயிற்று. 1859-இல் நெவாடாவில் காம்சுடாக்கு என வழங்கும் பெரும் வெள்ளிப் படிவு வெளிப்பட்டது. சுரங்கங்களைத் தாங்க மரத்தூண்கள் தேவைப்பட்டன. அடுத்த சில பதிற்றாண்டுகளில் ஏரியைச் சூழ்ந்த பெருங்காடுகளில் மிகப் பெரும்பகுதி வெட்டி வீழ்த்தப்பட்டது. கோடைதோறும் ஏரிக்கரையிற் கூடி மீன்பிடித்து வாழ்ந்த வாசோ மக்கள், தம் நிலத்திலேயே அயலாராயினர். மரத்தை வெட்டினால் மண் என்னாகும் என்று அற்றை நாளில் எவரும் ஆராயவில்லை. அங்கு வாழ்ந்தவரை எவரும் ஒரு சொற் கேட்கவுமில்லை. ஒரு மக்களின் சொல்லைக் காதில் வாங்காதவர்கள், அவர்தம் நிலத்தையும் நீரையும் பற்றிய அறிவையும் காதில் வாங்குவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

வெள்ளை வட்டு சொல்லும் உண்மை

வெட்டுண்ட காடு மெல்ல மீண்டும் தழைத்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு கேடு புகுந்தது. 1960-இல் ஏரிக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்கொன்றிற் பனிக்கால ஒலிம்பிக்கு விளையாட்டு நடைபெற்றது. உலகத்தின் கண்ணெல்லாம் அம்மலைமேற் பட்டது. விடுதிகளும், சூதாட்ட மனைகளும், கோடை வீடுகளும், அவற்றிற்குச் செல்லும் சாலைகளும் விரைந்து பெருகின. ஏரியின் அழகைக் காண வந்தவர்களே அவ்வழகைத் தேய்க்கத் தொடங்கினர்.

தேய்ந்தது என்பதை எங்ஙனம் அறிவது? கண்ணுக்கு இனிதாய் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று மற்றொருவர் மறுக்கலாம். அளவு வேண்டும். இத்தாலியைச் சேர்ந்த செக்கி என்னும் வானியலாளர் 1865-இல் ஓர் எளிய கருவியைக் கண்டார். உணவுத் தட்டின் அளவுள்ள வெள்ளை வட்டு ஒன்றைக் கயிற்றிற் கட்டி நீருள் இறக்குவது. அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வது. அவ்வளவுதான்! டேவிசு நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லசு கோல்டுமனும் அவர்தம் குழுவினரும் அக்கருவி கொண்டு தாகோ ஏரியை இடையறாது அளந்தனர். 1968-இல், ஆண்டு முழுதும் எடுத்த அளவுகளின் நிரவல் 102 அடி. அஃதாவது நூறு அடி ஆழத்திலும் வட்டு தெரிந்தது! 1997-இல் அது 64 அடியாய்ச் சுருங்கியது. 2017-இல் 60 அடிக்கும் கீழே போயிற்று. பின்னர்ச் சற்றே மீண்டாலும், 2024-இலும் 62 அடி அளவிலேயே நின்றது.

கரணியம் யாது? சாலையிலும் கூரையிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் விழும் மழைநீர் மண்ணுள் இறங்க இயலாமல் ஓடுகிறது. பனிக்காலத்தில் வழுக்காமைப் பொருட்டுச் சாலையில் இறைக்கும் மணலை ஊர்திச் சக்கரங்கள் மாவாக அரைத்துவிடுகின்றன. அந்நுண்துகள் ஓடும் நீரோடு ஏரியிற் கலந்து, அடியிற் படியாமல் நெடுநாள் மிதந்து, ஒளியைச் சிதறடிக்கிறது. உடன்வரும் ஊட்டப் பொருள்கள் பாசியை வளர்க்கின்றன. ஏரியிற் சேரும் நுண்துகளில் 72 விழுக்காடு கட்டடங்கள் நிறைந்த பகுதிகளிலிருந்தே வருகிறது என்பது, இரு மாநில அரசுகளும் 2011-இல் ஏற்றுக்கொண்ட தூய்மைத் திட்டத்திற்கு அடிப்படையான கணக்கு. எனவே, கரையிற் கட்டும் கட்டடம் கரையோடு நிற்பதன்று. அஃது ஏரியின் உள்ளேயே கட்டப்படுகிறது என்று கொள்ளுதலே உண்மை.

ஆய்வின்றிச் செய்ததன் விளைவு

ஏரியின் தென்கரையில், மேல் திரக்கி ஆறு வந்து கலக்கும் இடத்தில், ஒரு பெருஞ்சதுப்பு இருந்தது. அவ்வேரிப் படுகையிலேயே மிகப் பெரியது அதுவே. ஆறு கொண்டுவரும் மண்ணையும் கசடையும் தன்னிடத்தே தேக்கி, வடித்த நீரை ஏரிக்கு விடுத்துவந்தது. இயற்கை தானே அமைத்துத் தானே நடத்திய வடிகட்டி அது. கூலி கேட்டதில்லை, பழுதுபட்டதுமில்லை.

1960-களில் அச்சதுப்பின் பெரும்பகுதியைத் தோண்டி, கால்வாய்களை வெட்டி, தோண்டிய மண்ணை மேடாக்கி, வீட்டு வாயிலிலேயே படகைக் கட்டும்படியான 'தாகோ கீசு' என்னும் குடியிருப்பை எழுப்பினர். அதனைத் தடுத்து நிறுத்தி, 'இச்சதுப்பு போனால் நீர் என்னாகும்?' என்று கட்டாயமாகக் கேட்கும் சட்டம் எதுவும் அன்றில்லை. விளைவு என்ன? வடிகட்டி அழிந்தது. தேங்கிய கால்வாய்களில் அயல்நாட்டு நீர்க்களைகள் மண்டின; அங்கிருந்து ஏரிக்குள்ளும் பரவின. அக்களைகளை ஒழிக்க வழிதேடி இன்றும் பெரும்பொருள் செலவாகிறது. வீடு கட்டியோரும் அதில் மகிழவில்லை; ஏரியும் பிழைக்கவில்லை. ஒரு வினாவைக் கேளாமல் விட்டதற்கு இரு தலைமுறையினர் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றனர்!

மக்கள் கேட்டு வாங்கிய சட்டம்

இக்கேடுகளைக் கண்டு மக்கள் வாளா இருந்துவிடவில்லை. பின்னர்த் தாகோ ஏரி காப்புக் கழகம் எனப் பெயர்பெற்ற அமைப்பு 1957-இல் தோன்றியது. ஏரியைச் சுற்றிப் பெருஞ்சாலை அமைக்கவும், மரகத விரிகுடா எனப் புகழ்பெற்ற எழில்மிகு பகுதியின் வாயிலிற் பாலம் கட்டவும் எழுந்த திட்டங்களை அவ்வமைப்பு எதிர்த்து நின்றது. அப்பாலம் இன்றுவரை கட்டப்படவில்லை. வீடுகளின் கழிவுநீர் ஏரியிற் சேராதவாறு, அதனைத் தூய்மை செய்து ஏரிப்படுகைக்கு வெளியே கொண்டுசெல்லும் ஏற்பாடும் 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் நிறைவேறியது.

ஏரி இரு மாநிலங்களுக்கு உரியது. ஒரு மாநிலம் காக்க, மறு மாநிலம் கெடுத்தால் யாது பயன்? ஆகவே இரு மாநிலங்களும் உடன்படிக்கை செய்துகொள்ள, அமெரிக்கப் பேரவை 1969-இல் அதற்கு ஒப்புதல் தந்தது. தாகோ வட்டாரத் திட்ட முகமை பிறந்தது. 1970 சனவரி முதல் நாளில் தேசியச் சூழற் கொள்கைச் சட்டம் கையொப்பம் பெற்றது. அதே ஆண்டிற் கலிபோர்னியா தனக்கெனவும் ஒரு சூழற் சட்டம் இயற்றிக்கொண்டது. இவற்றால், செயலுக்கு முன் ஆய்வு என்னும் நெறி சட்டமாயிற்று.

ஆயினும் அரசு கட்டுவனவற்றிற்கே இச்சட்டம். தனியார் கட்டுவனவற்றிற்கு அன்று என்று பலர் வழக்காடினர். தாகோவுக்குத் தெற்கே, மம்மோத்து ஏரிகள் என்னும் மலையூரில், தனியார் நிறுவனம் ஒன்று அடுக்கு வீடுகளும் கடைகளும் கட்ட மாவட்ட அவை இசைவளித்தது. சூழல் அறிக்கை எதுவும் எழுதப்படவில்லை. அவ்வூர் மக்கள் 'மம்மோத்தின் நண்பர்கள்' என ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். 1972-இற் கலிபோர்னியாவின் தலைமை முறைமன்றம், அரசின் இசைவு தேவைப்படும் தனியார் திட்டங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அம்மாநிலத்தில் இச்சட்டத்திற்குப் பல்லும் நகமும் முளைத்தது அன்றுதான். முளைக்கச் செய்தவர் அமைச்சரல்லர்; ஒரு மலையூரின் மக்கள்.

1980-இல் தாகோ உடன்படிக்கை திருத்தப்பட்டது. பெருந்தாக்கம் விளைக்கத்தக்க செயல்களுக்கு இசைவளிக்கு முன் சூழல் தாக்க அறிக்கை எழுத வேண்டும் என்றும், ஏரியும் காற்றும் மண்ணும் எவ்வளவு தாங்கும் என்பதை வரையறுக்க வேண்டும் என்றும் அதில் விதிக்கப்பட்டது. அவ்வரையறைகள் 1982-இல் ஏற்கப்பட்டன. அவற்றை வகுத்துப் புதுத்திட்டம் எழுதும்வரை, 1981 முதல் 1984 வரை 32 திங்கள் அளவும், நொய்ந்த நிலங்களிற் புதுக்கட்டடம் எழுப்புதல் நிறுத்தி வைக்கப்பட்டது.

இவ்விடத்து மறுதரப்பினர் குறையையும் ஒளிக்காமற் கூறுதல் அறம். முதுமையில் ஓய்வாக வாழ ஒரு வீடு கட்டலாம் என்று சேமித்த பொருளில் மனை வாங்கியோர் பலர் அங்கிருந்தனர். அவர்கள் பேராசை கொண்ட முதலாளிகள் அல்லர். 'எங்கள் நிலத்தில் எங்களையே கட்டவிடாமற் செய்தீர். ஈடு தருக' என்று அவர்கள் வழக்காடினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த பின்னர், 2002-இல் அமெரிக்கத் தலைமை முறைமன்றம், ஆய்ந்து திட்டமிடும் பொருட்டு வைக்கும் இடைக்காலத் தடை ஒன்றையே நிலப்பறிப்பு என்று கொள்ளலாகாது என அறுவர்க்கு மூவர் என்னும் பெரும்பான்மையில் முடிவு கூறியது. ஆழ ஆராய்தற்கு அரசுக்குக் கால இடைவெளி வேண்டும் என்பதை அத்தீர்ப்பு ஏற்றது. அம்மனையாளர் பட்ட துன்பம் உண்மையே. ஆயினும், விற்குமுன்பே ஆராய்ந்திருந்தால் அவர்கள் அம்மனைகளை வாங்கியே இருக்கமாட்டார்கள் அன்றோ? ஆய்வு பிந்துவதால் ஏழையும் எளியருமே முதலில் துன்புறுவர் என்பதற்கு இதுவும் சான்றே.

அடைபட்டதும் விடுபட்டதும்

சட்டம் வந்துவிட்டது, முகமை வந்துவிட்டது, இனி ஏரிக்குக் குறைவில்லை என்று எண்ணினால் அது பேதைமை. அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று அதனைத் தெளிவாக்கும்.

ஒலிம்பிக்கு விளையாட்டு நடந்த அதே பள்ளத்தாக்கில், பனிச்சறுக்குக் களத்தை உடைய நிறுவனம் பெரியதொரு களியாட்ட ஊரையே எழுப்ப முனைந்தது. 1,493 படுக்கையறைகள்; கடைகள்; கூரையின் கீழ் நீர்விளையாட்டு மனை; கட்டி முடிக்க 25 ஆண்டுகள் வரை ஆகும் என்னும் கணக்கு. பள்ளத்தாக்கு பிளேசர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிப்படுகைக்குச் சற்றே வெளியே இருக்கிறது. அந்தச் 'சற்றே வெளியே' என்பதைக் கேடயமாகக் கொண்டனர். அங்கு வந்து தங்குவோர் அறைக்குள்ளேயே இருந்துவிடுவரா? ஊர்தியேறி ஏரியைக் காணச் செல்வர். நெரிசல் மிக்க நாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஊர்திகள் ஏரிப்படுகையுட் கூடுதலாகப் புகும் என்பது கணக்கு. ஊர்தி புகுந்தால் நுண்துகள். நுண்துகள் சேர்ந்தால் கலங்கல்.

அத்திட்டத்திற்கான சூழல் அறிக்கை பன்னூறு பக்கம் விரிந்தது. ஆனால், அதன் வரைவில், நீரின் தன்மையைப் பற்றிய பகுதியில், தாகோ ஏரி எங்கே இருந்தது? ஒரே ஓரிடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வளவே! 1,645 அடி ஆழமும் 22 கல் நீளமும் உடைய ஏரியை இரு வளைகோடுகளுக்கு இடையில் அடைத்துவிட்டனர்! அதன் சிறப்பு என்ன, இற்றை நிலை என்ன, ஏற்கெனவே எவ்வளவு கலங்கியுள்ளது என்பது பற்றி அவ்வரைவில் ஒன்றுமில்லை.

2016 நவம்பரில் மாவட்ட மேற்பார்வையாளர் அவை திட்டத்திற்கு இசைவளித்தது. அதிலும் ஒரு சூழ்ச்சிபோன்ற நிகழ்ச்சி உண்டு. கூட்டத்திற்கு முன்னாள் மாலை, அலுவலகம் பூட்டிய பின்னர், ஒப்பந்தத்தில் ஒரு மாற்றம் செய்து அவை உறுப்பினர்க்கு அனுப்பினர். உறுப்பினர் படிக்கலாம்; மக்கள் படிக்க இயலாது. ஏனெனில், படி வைக்கப்பட்ட இடமே பூட்டிக் கிடந்தது!

'சியரா வாச்சு' என்னும் மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2021-இல் மேன்முறையீட்டு மன்றம் இரு தீர்ப்புகள் வழங்கியது. ஏரியைப் பற்றி அறிக்கை கூறியது போதாது. பின்னர்ச் சேர்த்துக் கூறிய விளக்கம், மக்கள் கருத்துரைக்கும் காலம் கடந்து வந்தமையாற் குறையை நிறைக்காது என்றது ஒன்று. கட்டுமான ஒலியை 50 அடிக்குள் இருப்போரை மட்டும் கருதி அளந்ததும் தவறு எனக் கண்டது. பூட்டிய அலுவலகத்தில் வைத்த தாள் மக்கள் பார்வைக்கு வைத்த தாள் ஆகாது என்றது மற்றொன்று. அவ்வாண்டே அக்களத்தின் பழம்பெயரும் நீக்கப்பட்டது. தொல்குடிப் பெண்டிரை இழித்துரைக்கும் சொல் அதிலிருந்தது. வாசோ மக்கள் நெடுநாளாக வேண்டிய மாற்றம் அது.

நிறுவனம் ஓயவில்லை. அறிக்கையைத் திருத்தி மீண்டும் கொணர்ந்தது. 2024 நவம்பரில் மாவட்ட அவை மீண்டும் இசைந்தது. மக்கள் மீண்டும் வழக்கு மன்றம் ஏறினர். இறுதியில், 2025-இல் இருதரப்பும் உடன்பாடு கண்டன. படுக்கையறைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. நீர்விளையாட்டு மனை கைவிடப்பட்டது. கட்டடமே வேண்டா என்பது மக்கள் வெற்றியாக அமையவில்லை. அளவோடு கட்டுக என்பதே அவர்கள் பெற்றது. பதினான்கு ஆண்டுப் போராட்டத்தின் விளைவு, அடைப்புக்குறியிலிருந்து ஏரி வெளியே வந்தது என்பதே.

கற்கத் தக்கவை

இவ்வரலாற்றினின்று மூன்று செய்திகள் விளங்கும்.

முதலாவது, அளவு. 1968 முதல் ஆண்டுதோறும் வட்டை இறக்கி அளந்து எழுதி வைத்த கணக்கு இல்லையேல், ஏரி கெட்டது என்று எவரும் மெய்ப்பித்திருக்க இயலாது. ஒரு கயிறும் ஒரு தட்டும் பொறுமையும் இருந்தாற் போதும். பள்ளி மாணவரும் செய்யத்தக்க பணி அது.

இரண்டாவது, எழுத்து. கலிபோர்னியச் சட்டப்படி, வரைவு அறிக்கைமேல் மக்கள் எழுதியனுப்பும் கருத்துகளுக்கு இறுதி அறிக்கையில் விடையிறுத்தாக வேண்டும். உரிய காலத்தில் எழுப்பாத குறையைப் பின்னர் முறைமன்றத்தில் எழுப்புதல் அரிது. எனவே முழக்கமிட்டுக் கலைவதோடு நில்லாமல், அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்து, குறையைச் சுட்டி, நாளிட்டு எழுதியனுப்பியவர்களே வென்றனர். ஏரி அடைப்புக்குறிக்குள் கிடந்ததைக் கண்டுபிடித்தவை பொறுமையாகப் படித்த கண்களே.

மூன்றாவது, முன்மை. செயலுக்கு முன் வரும் ஆய்வே ஆய்வு. செயலுக்குப் பின் வருவது பிணக்கூறாய்வு!

தமிழ்நிலத்தில் இவ்வாய்வு

செயலுக்கு முன் ஆய்வு என்னும் இதே நெறி இந்தியாவுக்கும் வந்தது. 1994-இல் முதல் அறிவிக்கையும், 2006 செப்டம்பரில் அதனைத் திருத்திய அறிவிக்கையும் வெளியாயின. மாசு கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முப்பது நாள் முன்னதாக இதழ்களில் அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை அம்மாநில மொழியிலும் வைக்க வேண்டும் என்பன அதன் விதிகள். கேட்பதற்கு இனியவையே. ஆனால், உள்ளே நுழைந்து பார்த்தல் வேண்டும்.

20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களை அவ்வறிவிக்கை தொடுவதில்லை. அதற்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கும் நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்துவிட்டது. அஃதாவது, ஏரிக்கரையிற் பெருவிடுதி ஒன்று எழுவதாயின், அவ்வறிவிக்கையின்படி அக்கரை மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டிய கட்டாயமில்லை! மலைப்பகுதிகளுக்கெனத் தனிக் கட்டுப்பாடுகள் தமிழகத்தில் உண்டு என்பது ஓரளவு ஆறுதல். ஆயினும், மக்களைக் கேட்டல் என்னும் உயிர்நாடி அறுந்த மதிப்பீடு, அலுவலர்க்குள் நிகழும் தாள்மாற்றமாகவே முடியும்.

மொழியின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. சுருக்கமே தமிழில், முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில். பன்னூறு பக்க அறிக்கையில் ஏரி எவ்வடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கிறது என்பதைச் சுருக்கம் காட்டுமா? காட்டாது. அதற்கும் மேலாக, 2020-இல் அவ்விதிகளையே மாற்றும் புது வரைவை நடுவண் அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. அவ்வாண்டு சூன் 30-இல் தில்லி உயர்முறைமன்றம், எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்க்க ஆணையிட்டது. அவ்வாணையை நிறைவேற்றுவதை விட்டு, அதனை எதிர்த்து மேன்முறையீடு செய்தது அரசு! தன் ஊர் ஏரியைப் பற்றித் தன் மொழியில் படிக்கும் உரிமைக்கும் முறைமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. பூட்டிய அலுவலகத்தில் வைத்த தாளும், மக்கள் அறியா மொழியில் வைத்த தாளும் ஒன்றே. ஒன்றில் பூட்டு கதவில் தொங்குகிறது. மற்றொன்றில் எழுத்தில் தொங்குகிறது. வேறுபாடு அவ்வளவே!

உதகையிலும் கோடைக்கானலிலும் உள்ள ஏரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை அலுவலர் அமைப்பித்தவை. இற்றை நாளிற் கோடைதோறும் அவற்றின் கரைகளில் ஊர்தி நகர வழியின்றி நிற்கிறது. சென்னை உயர்முறைமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் அவ்விரு மலைகளுக்கும் செல்ல 'இ-பாசு' எனப்படும் மின்னிசைவுச் சீட்டு வேண்டப்பட்டது. 2025 கோடையில், உதகைக்கு நாளொன்றுக்கு 6,000 ஊர்திகள், வார இறுதியில் 8,000. கோடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என வரம்பு கட்டப்பட்டது. மலை எவ்வளவு தாங்கும் என்பதை ஆராயும் பொறுப்புச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திடமும் பெங்களூர் மேலாண்மைக் கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. தாகோவில் 1982-இல் வரையறுத்த தாங்குமளவை இங்கு இப்போதுதான் தேடத் தொடங்கியுள்ளனர். தொடங்கியது நன்று. ஆனால் அவ்வாய்வின் முடிவு முழுமையாகத் தமிழில் வெளிவர வேண்டும். அம்மலைவாழ் மக்களும், கடைக்காரரும், படகோட்டியும், விடுதிப் பணியாளரும் அதனைப் படித்துக் கருத்துரைக்க வேண்டும். ஊர்தி குறைந்தால் பிழைப்புக் குறைவோர் அவர்களே; ஏரி கெட்டால் பிழைப்பே போவோரும் அவர்களே. அவர்களை விலக்கி வைத்து எடுக்கும் முடிவு எதுவாயினும் நிலைக்காது.

இது தமிழர்க்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், அவ்வூரில் ஏரி வாரியம் என ஒரு குழு இருந்ததையும், அதன் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்ததையும் கூறுகின்றன. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர் என்றும் கல்லில் வெட்டி வைத்தனர். அவ்வுரிமை அற்றை நாளில் எல்லார்க்கும் கிட்டவில்லை என்பது உண்மையே. எனினும், ஏரிக்கு ஒரு வாரியம், வாரியத்திற்கு ஒரு கணக்கு, கணக்கிற்கு ஊரார் அறியும் எழுத்து என்னும் மூன்றும் அன்றே இருந்தன. ஆயிரம் ஆண்டு கழித்து, ஏரிக்குக் கணக்கு ஆங்கிலத்திலும், ஊரார்க்குச் சுருக்கம் தமிழிலும் என்று ஆனது வளர்ச்சியா?

பெருமக்களே! ஏரியைக் காப்பது என்பது கட்டடத்தைப் பகைப்பதன்று, வருவோரை விரட்டுவதன்று. கட்டுமுன் கேள், கேட்டதை எழுது, எழுதியதை மக்கள் மொழியில் வை என்னும் மூன்றே கோரிக்கைகள். ஊருக்கொருவர் நீரை அளக்கட்டும். ஊருக்கொருவர் அறிக்கையைக் கேட்டு வாங்கட்டும். ஊருக்கொருவர் அதனைத் தமிழிற் படித்துக் காட்டட்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், கூட்டத்திற்கு முன்பே எழுத்தில் வினாவை அளிக்கட்டும். அறிவிப்பே வராத இடத்தில், ஏன் வரவில்லை என்று எழுதட்டும். அமெரிக்க மலையூர் மக்கள் செய்தது இதற்குமேல் ஒன்றுமில்லை.

ஏரியை அடைப்புக்குறிக்குள் வைப்பது எளிது. இரு வளைகோடுகள் போதும். அதனை வெளியே கொணர்வதற்கோ ஊர் முழுதும் படிக்க வேண்டும். தமிழ் ஊர்கள் படிக்கட்டும்!